எந்தக் காலில் கட்டுப் போடுவது

எங்கள் கால்பந்து கிளப்பில் ஒருவனுக்கு அடிபட்டால், அடுத்த ஆட்டத்தில் அவன் இறங்கலாமா கூடாதா என்பதை பம்பாய் சயான் ஸ்டேஷனின் நடைபாலம் தீர்மானித்தது. மேற்குப் பக்கம் ஏறி, தண்டவாளங்களைக் கடந்து, கிழக்குப் பக்கம் இறங்க வேண்டும். கைப்பிடிக் கம்பியைத் தொடக் கூடாது. நொண்டக் கூடாது. கீழே கிளப்பின் தலைவர் குடையோடு நின்று பார்ப்பார். கம்பியைத் தொடாமல் இறங்கியவன் தேறியவன். நான் செயலாளரான முதல் மூன்று வருடங்களில், அந்தப் பாலத்தில் தேறாதவர் என்று ஒருவர்கூட இல்லை. கணுக்கால் சுளுக்கியவன், முழங்கால் வீங்கியவன், தொடைச் சதை பிடித்துக்கொண்டவன் எல்லோரும் தேறினார்கள். தேறாதவனாக வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை.

கிளப் தாராவியில் இருந்தது. நான் மாதுங்காவில் குடியிருந்தேன். கோட்டைப் பகுதியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ப்ரூஃப் ரீடர் வேலை. மழைக்கால ஞாயிறுகளில் மாதுங்கா மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களைக் குடை பிடித்துக்கொண்டு பார்ப்பது வழக்கம். ஒரு ஞாயிறு, சேறு பூசிய ஒரு ஆள் என்னிடம் வந்து, போட்டிக் கமிட்டி அனுப்பிய ஆங்கிலக் கடிதம் ஒன்றை நீட்டி, "இதுல என்ன சார் எழுதியிருக்கான், நம்மள ஏசியிருக்கானா?" என்று கேட்டார். அவர்தான் தாராவி கிளப்பின் கேப்டன். கடிதத்தில் ஏசவில்லை, கட்டணத் தேதியைத்தான் நினைவூட்டியிருந்தார்கள். அதைச் சொன்னேன். அடுத்த வாரமே நான் கிளப்பின் செயலாளர். பந்தை நான் காலால் தொட்டதே இல்லை. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. ஆங்கிலத்தில் டைப் அடிக்கத் தெரியும், அது போதும்.

கேப்டனுக்கு முப்பது வயது இருக்கும். அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். விடிவதற்கு முன் ரயில் ஏறுகிறவர். கிளப்பின் தலைவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். தாராவியில் மளிகைக் கடை. கிளப்பின் ஜெர்சிகளும் பந்துகளும் இருந்த டிரங்குப் பெட்டியை அவர் தம் கடையில் வற்றல் மிளகாய் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே வைத்திருந்தார். எங்கள் ஆட்டக்காரர்களை ஒட்டி நின்று மறிக்கும் எதிரணி பேக்குகள் தும்முவதை நானே பார்த்திருக்கிறேன். தாம் இளவயதில் தூத்துக்குடியில் பெரிய ஆட்டக்காரராக இருந்ததாக அண்ணாச்சி சொல்வார். அப்போது பார்த்தவர்கள் யாரும் பம்பாய்க்கு வந்திருக்கவில்லை.

எங்கள் அணியில் உண்மையாகவே ஆடத் தெரிந்தவன் இடது விங்கில் ஆடிய, எல்லோரும் தம்பி என்றே கூப்பிடும் பையன். பத்தொன்பது வயது. தோல் பட்டறையில் பைகளுக்கு வார் வெட்டும் வேலை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, எங்கோ ஒரு ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி கோட்டை ஒட்டியே ஓடுவான். பேக் நெருங்கியதும் நின்றுவிடுவான். சேற்றில் நிற்க முடியாத பேக் வழுக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போவார். அதன் பிறகு அவன் சாவகாசமாகப் பந்தை நடுவே அனுப்புவான். அந்த வருடம் நாங்கள் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான்.

செம்பூரில் ஒரு பெரிய கம்பெனி கால்பந்து அணி வைத்திருந்தது. அணியில் சேர்த்துக்கொண்டால் நிரந்தர வேலையும் கொடுப்பார்கள். தம்பிக்காக நான் ஒரு விண்ணப்பம் டைப் அடித்து அனுப்பினேன். பதில் வந்தது. மழை ஓய்ந்து செப்டம்பர் கடைசியில் தேர்வு ஆட்டம், சொந்த பூட்ஸோடு வரவும். அந்தக் காகிதத்தை அவன் பட்டறையில் எல்லோருக்கும் காட்டி, பசைக் கறை பிடித்துவிடுமென்று பயந்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இது ஜூலையில். ஆகஸ்ட் முதல் ஞாயிறு காலிறுதி ஆட்டம். ஜெயித்தோம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் தம்பியின் இடது கணுக்காலின் மேல் ஒரு ஆள் முழுசாக விழுந்தார். திங்கட்கிழமை கேப்டன் அவனை சயானில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் கீறல், நான்கு வாரம் மாவுக்கட்டு என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துக் கட்டுப் போடும் அறைக்கு அனுப்பினார். சீட்டை உள்ளே கொடுத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்தான் தம்பி. தன் முறை வருவதற்கு முன் எழுந்து வந்துவிட்டான். அடுத்த ஞாயிறு அரையிறுதி.

தம்பியின் பெற்றோர் சொந்த ஊரில். இங்கே அவன் அக்கா வீட்டில் இருந்தான். அக்கா அதே ஆஸ்பத்திரியில்தான் வேறு வார்டில் ஆயா. சுளுக்கு என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, வீட்டிலும் முழுக்கால் பேண்ட்டே போட்டுக்கொண்டு திரிந்தான்.

புதன்கிழமை மாலை பாலப் பரீட்சை. அண்ணாச்சி குடையோடு கீழே நின்றார். நான் பக்கத்தில். தம்பி இரண்டு கைகளையும் பேண்ட் பைகளுக்குள் விட்டுக்கொண்டு இறங்கி வந்தான். கை தானாகப் போய்க் கம்பியைப் பிடித்துவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதை. ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்தான். உடனே வலது கால் அதே படிக்கு வந்து சேர்ந்தது. நடக்கப் பழகும் குழந்தைகள் அப்படித்தான் இறங்கும். ஒரு பக்கத்தில் எழுத்துத் தலைகீழாக இருந்தால் ஒன்றரை அடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் எனக்கு. இதையும் பார்த்தேன்.

"எறங்கிட்டான்லா?" என்றார் அண்ணாச்சி.

"இறங்கிட்டான்" என்றேன்.

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. செம்பூர் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் அரையிறுதியைப் பார்க்க வரப்போகிறார் என்று அண்ணாச்சி ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருந்தார். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. கடிதம் என் மேஜையில் இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை. எனக்கும் அரையிறுதி வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை கடையில் கூட்டம். அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: எந்தக் காலில் கட்டுப் போடுவது.

இதை விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் அடிபட்டவனை ஆட இறக்கும்போது எல்லா அணிகளும் ஒரு தந்திரம் செய்தன. அடிபட்ட காலை ஸ்டாக்கிங்குக்குள் மறைத்துவிட்டு, நல்ல காலில் வெள்ளை வெளேரென்று பெரிய கட்டாகப் போட்டு அனுப்புவார்கள். எதிரணி பேக் கட்டைப் பார்த்து அந்தக் காலைத் தேடி மிதிப்பார். நல்ல கால் தாங்கிக்கொள்ளும்.

"எடது காலுல அடி. அப்ப வலது காலுல கட்டு. முடிஞ்சு போச்சு" என்றார் கேப்டன்.

எங்கள் கோல்கீப்பர் தலையைச் சொறிந்தார். "எல்லாவனும் இதத்தானய்யா செய்யுதான். போன மாசம் அந்தப் பரேல்காரன் வலது காலுல கட்டோட வந்தான். நாம என்ன செஞ்சோம்? கட்டு இல்லாத கால மிதின்னு நீருதான சொன்னீரு?"

கேப்டன் அப்படிச் சொன்னதற்கு நானும் சாட்சி.

"அப்பச் சரி. அடிபட்ட காலுலயே கட்டுவோம்" என்றார் அண்ணாச்சி. "பொய்க்கட்டுன்னு நெனச்சி அவன் நல்ல கால மிதிப்பான்."

"அவனுவளும் இப்பிடி ஒக்காந்து பேசிக்கிட்டிருந்தா?"

"ரெண்டு காலுலயும் கட்டினா?"

"ரெண்டையும் மிதிப்பான்."

"ரெண்டுலயும் கட்டாம விட்டா?"

"விட்டா நொண்டுதது தெரிஞ்சிரும்லா."

"ஏன் நொண்டுதான்? பாலத்துல எறங்கிட்டான்லா?" என்று அண்ணாச்சி தம்பியைப் பார்த்தார்.

"நொண்ட மாட்டேன் அண்ணாச்சி" என்றான் அவன்.

"பொறவென்ன? நீ ஓடாண்டாம்ல. போயி நில்லு. நின்னா போதும். ஒன்னயப் பாத்து ரெண்டு பேரு வந்து நிப்பான். அதுவே நமக்கு லாபம்."

வாக்கெடுத்தார்கள். கூட்டக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன்: கட்டு, வலது கால், ஒருமனதாக. இடது காலைப் பற்றி ஒருவரும் தீர்மானம் கொண்டுவரவில்லை.

ஆனால் இடது காலைப் பற்றிப் பட்டறையில் யோசித்திருந்தார்கள். தம்பியோடு வேலை செய்தவர்கள் சேர்ந்து, நல்ல எருமைத் தோலில், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் ஓர் உறையைத் தைத்துக் கொடுத்தார்கள். இரண்டு பக்கிள், இரட்டைத் தையல், உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல். வேலைப்பாடு அருமை. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் பெட்டிகளில்கூட அவ்வளவு சுத்தமான தையலைப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலப் பயிற்சியில் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினான். நல்ல மழை. உறை ஊறிப்போயிற்று. கழற்றினால் வீக்கத்தின் மேல் மறுபடி ஏற்ற முடியாது என்று பயந்து அதைப் போட்டபடியே தூங்கினான். சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போய்ப் பசை காய்ச்சும் அடுப்பின் அருகில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான், உறையைக் காயவைக்க.

ஈரத் தோலை நெருப்பருகே வைத்தால் சுருங்கும் என்பது அந்தப் பட்டறையில் தரை கூட்டுகிறவருக்கும் தெரியும். அவர்கள் தினமும் பார்க்கிற விஷயம். ஆனால் உள்ளே கால் இருந்ததால் அது அவர்களுக்குத் தோலாகத் தெரியவில்லை போலிருக்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம், "இன்னுங் கொஞ்சம் கிட்ட வையில, ஜல்தி காயும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். அணிப் பட்டியலில் ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்க இரண்டு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். தம்பி தரையில் மல்லாந்து கிடந்தான். கால்விரல்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. பக்கிள்கள் அசையவில்லை. எட்டுப் பேர் எட்டுக் கத்தியோடு சுற்றி நின்றார்கள். எல்லோரும் தோலை நூல் பிசகாமல் வெட்டுகிறவர்கள். உள்ளே கால் இருக்கும்போது வெட்ட ஒருவருக்கும் கை வரவில்லை.

"அக்காவுக்குச் சொல்லாதிய" என்று கிடந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் ஒரு ஆள் அக்காவைக் கூட்டிவர ஓடியிருந்தார்.

அக்கா ஆஸ்பத்திரிச் சேலையோடு வந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். ஒல்லி. கையில் மாவுக்கட்டு வெட்டும் பெரிய கத்தரி. கத்தரியைக் கேட்டு வாங்கப் போன இடத்தில், "உன் தம்பி பேர்ல ஒரு சீட்டு திங்கட்கிழமையிலிருந்து இங்கேயே கெடக்கு, ஆளைத்தான் காணோம்" என்று கட்டுப் போடுகிறவர் சொல்லி அந்தச் சீட்டையும் கொடுத்தனுப்பியிருந்தார். அக்கா உட்கார்ந்தார். கத்தரியின் மழுங்கிய முனையை உறைக்குள் விட்டு நாலே வெட்டில் பிளந்தார். தையல் போட்டவர் மட்டும் "ஐயோ" என்றார்.

"எலும்பு கீறியிருக்குன்னு எழுதியிருக்கு. எங்கிட்ட சுளுக்குன்ன?"

"வீக்கம் கொறஞ்சிட்டுக்கா."

"வாய மூடுல."

சரக்கு ஏற்றும் கைவண்டியில் தம்பியைக் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அண்ணாச்சி கடை. அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். அண்ணாச்சி யாருக்கோ துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். கேப்டனும் இருந்தார். அக்கா சீட்டைத் தராசுத் தட்டில் வைத்தார்.

"அண்ணாச்சி, ஒங்க தராசுல ஒரு சங்கிலி அந்து போனா அதுலயே வச்சு நிறுப்பியளா?"

"என்ன தங்கச்சி, என்ன லஃபடா, என்ன வில்லங்கம்?" என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வராது. "நான் அவன ஓடச் சொன்னனா? நின்னா போதும்னுதான சொன்னேன்?"

"நிக்கிறதுக்குத்தான ஆளு வேணும்? நீங்க போயி நில்லுங்க."

பருப்பு வாங்க வந்தவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சார், தப்புக் கண்டுபிடிக்கிறதுக்குன்னே ஒங்களுக்கு ஆபீஸ்ல சம்பளம் குடுக்காவளாம். தம்பி சொல்லியிருக்கான். இவன் நடக்கிறதப் பாத்திய. ஒங்க கண்ணுல ஒண்ணும் படலியோ?"

பட்டது என்று சொல்லியிருக்கலாம். எங்காவது பார்க்க வேண்டியிருந்ததால் பைக்குள்ளிருந்து அணிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.

"இன்னிக்கு மாவுக்கட்டுப் போட்டா நாலு வாரம் கழிச்சு வெட்டுவாவ. அதுக்கப்புறம் மூணு வாரத்துல செம்பூர்ல ஆட்டம். நாளைக்கு இவன் சேத்துல எறங்குனா எலும்பு நொறுங்கிப்போவும். பொறவு செம்பூர் ஏது, வேல ஏது? நீங்க நாளைக்கு ஜெயிச்சா ஒங்களுக்கு ஒரு கப்பு. இவனுக்கு?" என்றார் அக்கா. வண்டி நகர்ந்தது. தம்பி வண்டியில் கிடந்தபடி எங்களைப் பார்த்து, என் கையில் ஒன்றும் இல்லை என்பதுபோல் கையை விரித்தான். அவன் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

கேப்டன் என்னைக் கேட்டார்: "பட்டியல்ல வேற யாரு சார் இருக்கா?"

போட்டி தொடங்கும் முன் ஒவ்வொரு கிளப்பும் பதினைந்து பெயரைக் கமிட்டியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு யாரும் ஆட முடியாது. நான் சத்தமாக வாசித்தேன். இரண்டு பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். ஒருவருக்கு அம்பர்நாத்தில் ஞாயிறு ஷிப்ட். தம்பி கைவண்டியில். மிச்சம் பதினொன்று. பதினோராவது பெயரைக் கொஞ்சம் மெதுவாக வாசித்தேன். அது அண்ணாச்சியின் பெயர். பட்டியலை மைதானத்துப் பலகையில் ஒட்டுவார்கள் என்பதால், தம் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று அவரே கேட்டுச் சேர்த்துக்கொண்டது. ஆடும் இடம் என்ற கட்டத்தில் 'ஃபார்வர்ட்' என்று போடச் சொன்னதும் அவர்தான்.

"பத்துப் பேரோட ஆடிருவோமே" என்றார் அண்ணாச்சி.

"எதுக்கு? தூத்துக்குடி ஆட்டத்த நாங்க எப்பப் பாக்க?" என்றார் கேப்டன்.

ஞாயிறு நான்கு மணி. காலையிலிருந்து விடாத மழை அப்போதுதான் விட்டிருந்தது. அண்ணாச்சிக்கு நாற்பத்திரண்டு வயது, அதற்கேற்ற வயிறு. ஜெர்சி தொப்புளுக்கு மேல் நின்றது. காக்கி அரை டிராயர். கூட்டத் தீர்மானம் தீர்மானம்தான் என்று கேப்டன் அவருடைய வலது காலில் வெள்ளைக் கட்டைப் போட்டுவிட்டார். தம்பி முழங்கால் வரை மாவுக்கட்டோடு, கோட்டுக்கு வெளியே ஒரு சோப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். அக்கா பக்கத்தில் நின்றார், காலைப் பூசைக்குப் போன நல்ல சேலையோடு. அவருக்கு ஆட்டம் புரியாது. தம்பி எழுந்து விடாமல் பார்த்துக்கொள்ள வந்திருந்தார்.

எதிரணிக்கு அண்ணாச்சி ஒரு புதிராகிவிட்டார். அரையிறுதியில், எங்கள் சிறந்த ஆட்டக்காரன் ஆட வேண்டிய இடத்தில், இப்படி ஓர் ஆளை எந்தக் கிளப்பும் காரணம் இல்லாமல் நிறுத்தாது. அவர்களுடைய கேப்டன் நீண்ட நேரம் அந்தக் கட்டையே பார்த்தார். பிறகு இரண்டு பேக்குகளை அனுப்பினார். இருவரும் வந்து அண்ணாச்சியின் இரு பக்கமும் நின்றார்கள். ஒருவர் தும்மினார். வலது பக்கம் வெட்டவெளியாகக் கிடந்தது. பன்னிரண்டாவது நிமிடம் கேப்டன் அந்த வழியே ஓடி ஒரு கோல் போட்டார். அண்ணாச்சி பந்தை இன்னும் தொட்டிருக்கவில்லை.

கோல் விழுந்த உற்சாகத்தில் அவர் ஓட ஆசைப்பட்டார். ஏழெட்டு அடி ஓடியிருப்பார். இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சதை பிடிச்சிட்டுல, சவம், உசுரு போவுது. என்னய வெளிய தூக்குங்கல."

மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. வெளியே போனால் பத்துப் பேர்தான். கேப்டன் வந்து குனிந்து பார்த்தார். அவர் கையைப் பிடித்து எழுப்பி, இடது கோட்டின் மேல் நேராக நிறுத்தினார். ஒரு மூட்டையை நிறுத்திச் சரிபார்ப்பது போல இருந்தது.

"ஓடாண்டாம் அண்ணாச்சி. நின்னா போதும்."

"ஏல, வலிக்குதுல."

"நிக்கியள்லா? பொறவென்ன?"

எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் ஆட்டத்தை மறந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே எதிரணி ஒரு கோல் போட்டது. சோப்புப் பெட்டியின் மேல் இருந்த தம்பி, "அண்ணாச்சி, கம்பியத் தொடாதிய" என்று கத்தினான். அக்கா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். ஆனால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி இடைவேளை வரை நின்றார். பிறகும் வந்து நின்றார். அதைச் சொல்லியாக வேண்டும். போகிறேன் என்று மறுபடி அவர் கேட்கவில்லை. ஒரு தடவை பந்து அவர் முழங்காலில் பட்டு, பக்கத்தில் நின்ற பேக்கின் மேலும் பட்டு, அவர்கள் கோல் கோட்டைத் தாண்டிப் போனது. ரெஃப்ரி எங்களுக்குக் கார்னர் கொடுத்ததும் அண்ணாச்சி கையை உயர்த்தி மைதானம் முழுக்கக் காட்டினார். கடைசியில் எதிரணி இன்னொரு கோல் போட்டு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. செம்பூரிலிருந்து யாரும் பார்க்க வரவில்லை.

தாராவிக்குத் திரும்பும் வழியில் அவரை நான்கு பேர் சயான் பாலத்தின் மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கடையில் மைத்துனர்தான் இருந்தார். பரீட்சை அத்தோடு நின்றது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. அடுத்த வருடமும் அடிபட்டவர்கள் பாலம் ஏறினார்கள். கீழே குடையோடு நிற்கிற ஆள் மட்டும் மாறினார். அண்ணாச்சியே போய் அக்காவைக் கேட்டுக்கொண்டாராம். அந்த வருடம் ஒருவரும் தேறவில்லை. கிளப் காலிறுதிக்குக்கூடப் போகவில்லை.

தம்பிக்கு, அரையிறுதி நடந்த வருடமே, செப்டம்பர் முதல் வாரம் மாவுக்கட்டை வெட்டினார்கள். கால் மெலிந்து வெளுத்திருந்தது. மூன்று வாரம் அக்கா சொன்ன கணக்குப்படி நடந்தான். முதலில் வீட்டிலிருந்து தெருமுனை, பிறகு ஸ்டேஷன், பிறகு மாதுங்கா வரை. கடைசி வாரம்தான் பந்து. தேர்வு நாள் நானும் செம்பூர் போனேன். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். முதல் பத்து நிமிடம் தம்பி காலுக்குப் பயந்து பயந்து ஆடினான். பிறகு ஒரு பேக் அவனை நோக்கி வேகமாக வந்தார். அவன் வழக்கம்போல நின்றான், இடது காலை ஊன்றி. அன்று சேறு இல்லை, ஆனாலும் பேக் கோட்டுக்கு வெளியே போனார். குறிப்பெழுதிக்கொண்டிருந்த கம்பெனி அதிகாரி பென்சிலை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டார். அந்த ஆள் பட்டியலில் தம்பியின் எண்ணைக் காட்டினார்.

பத்து நாளில் வேலைக் கடிதம் வந்தது. அக்கா வீட்டில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். சம்பளம், சீருடை, கேன்டீன், வருடத்துக்கு இத்தனை நாள் விடுப்பு. வேலையில் காயம்பட்டால் குணமாகும் வரை சம்பளத்தோடு விடுப்பு என்ற வரி வந்தபோது அக்கா கையை உயர்த்தினார்.

"அத இன்னொரு தடவ வாசிங்க சார்."

வாசித்தேன்.

"வேலையிலன்னா, மெஷின்லயா? பந்து ஆடும்போது பட்டா?"

கடிதத்தில் அது இல்லை. இல்லை என்றேன்.

"அப்பக் கேட்டு எழுதுங்க."

தம்பி துள்ளி எழுந்தான். "யக்கா, கோட்டி பிடிச்சிருக்கா? வேல குடுத்தவனப் பாத்துக் கேள்வி கேட்டா வேண்டாம்னு சொல்லிருவான்."

"சொல்லட்டும். ஒன்னய எதுக்கு எடுக்காவ? பந்துக்குத்தான? கால் ஒடஞ்சா நின்னா போதும்னு அங்கயும் ஒருத்தன் சொல்லுவாம்லா."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை ஆபீசில் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போனபின், நாலு வரியில் மரியாதையாக ஒரு கடிதம் டைப் அடித்து அனுப்பினேன். எட்டு நாள் பதில் இல்லை. அந்த எட்டு நாளும் தம்பி அக்காவோடு பேசவில்லை. என்னைக் கண்டால் எதிர்ப்புறம் போய்விடுவான்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. கம்பெனிக்காக ஆடும் ஆட்டங்களும் பயிற்சியும் வேலை நேரமாகவே கருதப்படும், காயத்துக்கும் அதே விதி. வாசித்தேன். அக்கா காகிதத்தை வாங்கி, முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. நாலாக மடித்து, ஞானஸ்நானச் சீட்டுகள் இருந்த தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இப்பப் போயி ஆடுல" என்றார்.